வாடகையும் நாணயமும்: கடன் வாங்காத குடும்பங்களுக்கு ஒரு கணக்குப் பாடம்



நம் அறக்கட்டளைக்கு உதவியும் ஆலோசனையும் கேட்டு வருவோரில் பலர் வாடகை வீட்டில் வசிப்பவர்கள். புதுக்கோட்டை நகரிலும் அறந்தாங்கியிலும் கடை, பட்டறை, தையல் என்று உழைப்பவர்கள். கோட்டைப்பட்டினம், அம்மாபட்டினம், மீமிசல் பக்கத்திலிருந்து பிள்ளைகளின் படிப்புக்காக நகரத்துக்குக் குடிவந்தவர்களும் உண்டு. மாதம் பிறந்தால் வாடகையை முதல் வேலையாகக் கொடுத்துவிடுவார்கள். அப்படிப்பட்டவர்களே நம்மிடம் ஒரு கேள்வியை அடிக்கடி கேட்கிறார்கள்: "இத்தனை வருஷமா ஒரு மாசம்கூடப் பாக்கி வச்சதில்லை. ஆனா பேங்க்ல போனா, உங்களுக்கு சிபில் இல்லைங்குறாங்க. ஒழுங்கா இருந்ததுக்கு மதிப்பே இல்லையா?"

நியாயமான கேள்விதான். அதற்கான பதிலை இந்த இதழில் பாடமாகத் தருகிறோம். குடும்பத்தோடு உட்கார்ந்து படியுங்கள். படிப்பை முடித்த பிள்ளைகள் இருந்தால் அவர்களை வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

1. சிபில் என்பது என்ன?

நாம் கடனைத் திருப்பிக் கட்டிய விவரங்களைச் சேர்த்து வைக்கும் நிறுவனங்கள் நாட்டில் நான்கு இருக்கின்றன: டிரான்ஸ்யூனியன் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க். இவற்றில் 2000ஆம் ஆண்டில் தொடங்கிய சிபில்தான் பழையது. அதனால் மக்கள் வாயில் அந்தப் பெயரே பொதுப்பெயராகிவிட்டது. 2005ஆம் ஆண்டின் கடன் தகவல் நிறுவனங்கள் சட்டத்தின்படி, ரிசர்வ் வங்கியின் மேற்பார்வையில் இவை இயங்குகின்றன.

வங்கிகள், நிதி நிறுவனங்கள், கிரெடிட் கார்டு கொடுப்பவர்கள், மகளிர் குழுக் கடன் கொடுக்கும் நுண்கடன் நிறுவனங்கள் ஆகியோர் தங்களிடம் கடன் வாங்கியவர்களின் கணக்கை இந்த நிறுவனங்களுக்கு அனுப்ப வேண்டும். முன்பு மாதம் ஒருமுறை அனுப்பினார்கள். 2025 ஜனவரி முதல் பதினைந்து நாளுக்கு ஒருமுறை அனுப்ப வேண்டும் என்று விதி வந்தது. அந்த விவரங்களை வைத்து 300 முதல் 900 வரை ஒரு மதிப்பெண் போடுகிறார்கள். எண் கூடக் கூட நம்பிக்கை கூடும். சிபில் அறிக்கையில் கடந்த 36 மாதங்களில் எந்தத் தவணை எத்தனை நாள் தாமதமானது என்பதும் இருக்கும்.

கடனே வாங்காதவருக்கு மதிப்பெண் இருக்காது. அந்த இடத்தில் 'வரலாறு இல்லை' என்ற குறிப்பு வரும். இதைக் கெட்ட மதிப்பெண் என்று நினைத்துப் பயப்படுகிறவர்கள் உண்டு. இரண்டும் ஒன்றல்ல. பரீட்சை எழுதாதவனும் பரீட்சையில் தோற்றவனும் ஒன்றாவார்களா?

2. வாடகை அதில் ஏறுமா?

இன்றைய நிலையில் ஏறாது. கடன் தகவல் நிறுவனங்களுக்குக் கணக்கு அனுப்பும் இடத்தில் சட்டம் வைத்திருப்பது கடன் கொடுக்கும் நிறுவனங்களைத்தான். வீட்டுக்காரர் அந்தப் பட்டியலில் இல்லை. நம் ஜமாஅத்துகளின் பைத்துல்மாலும், அறக்கட்டளைகள் கொடுக்கும் வட்டியில்லாக் கடனும் அதே நிலைதான். பைத்துல்மாலில் வாங்கியதைத் தவணை தவறாமல் கட்டி முடித்தவரின் நேர்மை ஊருக்குத் தெரியும், அல்லாஹ்வுக்குத் தெரியும். கணினிக்குத் தெரியாது.

ஒரு கணக்குப் போடுவோம். மாதம் 6,000 ரூபாய் வாடகை. எட்டு ஆண்டுகள் என்றால் 96 மாதங்கள். ஆக 5,76,000 ரூபாய். இவ்வளவு பணத்தை ஒரு குடும்பம் தேதி தவறாமல் கட்டியிருக்கிறது. அதையெல்லாம் கையில் ரொக்கமாகக் கொடுத்து, ரசீதும் வாங்காமல் விட்டிருந்தால், எட்டு வருட ஒழுங்குக்கு ஒரு துண்டுச் சீட்டுகூடச் சாட்சி இல்லை. அதே சமயம், 15,000 ரூபாய்க்குத் தவணையில் செல்போன் வாங்கியவருக்கு வரலாறு இருக்கிறது. நம் மக்களின் மனக்குறை இங்கேதான் இருக்கிறது.

3. வெளிநாடுகளில் என்ன செய்கிறார்கள்?

இந்தக் குறை நமக்கு மட்டும் உள்ளதல்ல. இங்கிலாந்தில் பிக் இஷ்யூ அமைப்பின் முதலீட்டுப் பிரிவும் எக்ஸ்பீரியன் நிறுவனமும் சேர்ந்து, வாடகை கட்டிய விவரத்தைக் கடன் அறிக்கையில் சேர்க்கும் திட்டத்தை நடத்தின. பிக் இஷ்யூவைத் தொடங்கியவர்களில் ஒருவரான லார்டு பேர்ட், கடன் கொடுப்போர் வாடகை வரலாற்றையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்று 2017இல் பிரபுக்கள் சபையில் ஒரு மசோதாவே கொண்டுவந்தார். அமெரிக்காவில் வீட்டுக் கடன்களை வாங்கும் பெருநிறுவனமான ஃபேனி மே, முதல் வீடு வாங்குவோரின் வங்கிக் கணக்கில் தெரியும் வாடகைச் செலுத்தல்களை 2021 செப்டம்பர் முதல் கணக்கில் எடுக்கிறது. கலிஃபோர்னியா மாநிலத்தில் 2025 ஏப்ரல் முதல், பதினைந்து குடியிருப்புகளுக்கு மேல் வாடகைக்கு விடும் உரிமையாளர்கள், ஒழுங்காகக் கட்டிய வாடகையைப் பதிவுசெய்யும் வசதியைக் குடியிருப்போருக்குத் தர வேண்டும். ஏற்பதும் மறுப்பதும் குடியிருப்பவரின் விருப்பம். நம் தமிழ் மக்கள் பெருமளவில் வாழும் கனடாவிலும் வாடகை வரலாற்றுக்குக் கடன் மதிப்பெண்ணில் இடம் தர வேண்டும் என்று அரசே 2024இல் அறிவித்தது.

இதில் கவனிக்க வேண்டிய மறுபக்கமும் உண்டு. கட்டியது பதிவானால், கட்டத் தவறியதும் பதிவாகலாம். வேலை போன மாதத்தில், பிள்ளை ஆஸ்பத்திரியில் கிடந்த மாதத்தில் வாடகை பிந்தினால் அதுவும் ஏடேறிவிடும். கஷ்டத்தில் இருப்பவருக்கு அவகாசம் கொடுப்பது நம் மார்க்கம் சொல்லும் ஒழுக்கம். இயந்திரத்துக்கு அந்த ஒழுக்கம் தெரியாது. ஆகவே நம் நாட்டிலும் இப்படியொரு ஏற்பாடு நாளை வந்தால், குடியிருப்பவரின் சம்மதத்தோடு வர வேண்டும் என்பதே நம் கருத்து.

4. வட்டியைத் தவிர்ப்பவருக்கு வழி என்ன?

வட்டி வேண்டாம் என்று ஒதுங்கி நிற்பவர்களுக்கு வங்கி வரலாறு இல்லாமல் போவது இயல்பு. வட்டியில்லா வங்கிச் சேவை வேண்டும் என்று ரகுராம் ராஜன் தலைமையிலான குழு 2008இல் பரிந்துரைத்தது. நெடுநாள் பேச்சுக்குப் பிறகு, அதைத் தொடர்வதில்லை என்று 2017இல் ரிசர்வ் வங்கி தெரிவித்துவிட்டது. ஆக அந்தக் கதவு இப்போதைக்குத் திறக்கவில்லை.

ஆனால் வேறொரு கதவு திறந்திருக்கிறது. முதன்முதலாகக் கடன் கேட்பவரின் மனுவை, கடன் வரலாறு இல்லை என்ற ஒரே காரணத்துக்காக நிராகரிக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2025 ஜனவரி 6ஆம் தேதியிட்ட வழிகாட்டுதலில் வங்கிகளுக்கு அறிவுறுத்தியிருக்கிறது. கடனுக்கு இத்தனை மதிப்பெண் கட்டாயம் என்று ரிசர்வ் வங்கி எந்த எண்ணையும் விதிக்கவில்லை என்பதையும் மத்திய நிதித்துறை இணையமைச்சர் 2025இல் மக்களவையில் தெளிவுபடுத்தினார். அதற்காக, கேட்டவர்க்கெல்லாம் கடன் கிடைத்துவிடும் என்று பொருள் இல்லை. வங்கி வருமானத்தைப் பார்க்கும், பழக்கத்தைப் பார்க்கும். அப்போது எதைக் காட்டுவீர்கள் என்பதே கேள்வி. வாடகைக்கு இடம் கிடைப்பது அங்கேதான். மதிப்பெண்ணில் ஏறாத வாடகை, வங்கிக் கணக்கு அறிக்கையில் ஏறும். பன்னிரண்டு மாத அறிக்கையில் ஒரே தேதியையொட்டி ஒரே தொகை வாடகை என்று போயிருந்தால், கடன் அதிகாரி அதைப் படித்துப் புரிந்துகொள்வார்.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். மதிப்பெண் சேர்ப்பதற்காக வட்டிக் கடன் வாங்குங்கள் என்று நாம் சொல்லவில்லை. அப்படிச் சொல்பவர் பேச்சைக் கேட்கவும் வேண்டாம். மருத்துவம், படிப்பு போன்ற நிர்ப்பந்தங்களில் உங்கள் நிலைக்கான மார்க்கத் தீர்ப்பை உங்கள் ஊர் ஆலிமிடம் கேளுங்கள். நாம் சொல்வது ஆவணத்தைப் பற்றி மட்டும்தான்.

அந்த ஆவணம் கடனுக்கு மட்டும் பயன்படுவதில்லை. பதிவுசெய்த வாடகை ஒப்பந்தம் பாஸ்போர்ட்டுக்கும் ஆதாருக்கும் முகவரிச் சான்றாகிறது. கேஸ் இணைப்புக்கும் வாடகை ஒப்பந்தம் ஏற்கப்படுகிறது. வெளிநாடு போக மனுச் செய்யும்போது ஒழுங்கான வங்கிக் கணக்கு கேட்கப்படுகிறது.

5. இந்த மாதமே செய்ய வேண்டியவை

முதலாவது, எழுத்தில் ஒப்பந்தம். அல்பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனம் குர்ஆனிலேயே நீளமான வசனம். தவணையோடு கூடிய கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்வதையும், சாட்சி வைத்துக்கொள்வதையும், சிறியது பெரியது என்று பாராமல் எழுதுவதையும் அது கற்பிக்கிறது. "தெரிஞ்சவர்தானே, எதுக்கு எழுத்து" என்று நாம் சொல்லிப் பழகிவிட்டோம். தெரிந்தவர்களுக்குள் மனஸ்தாபம் வராமல் இருக்கத்தான் எழுத்து. ஆதாரில் உள்ளபடி இருவர் பெயர், கதவு எண், வாடகை, முன்பணம், காலம், ஆண்டு உயர்வு, மின்கட்டணம் யார் பொறுப்பு என்று எல்லாம் அதில் இருக்கட்டும்.

தமிழ்நாட்டில் வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகள் மற்றும் பொறுப்புகள் முறைப்படுத்துதல் சட்டம் 2017இல் இயற்றப்பட்டு 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். வாடகை அதிகார அமைப்பிடம் பதிவு செய்ய வேண்டும். உங்கள் ஊருக்கான நடைமுறையைப் புதுக்கோட்டை, அறந்தாங்கி, இலுப்பூர் கோட்டாட்சியர் அலுவலகங்களில் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

இரண்டாவது, வங்கி வழியாக வாடகை. உங்கள் கணக்கிலிருந்து வீட்டுக்காரர் கணக்குக்கு யு.பி.ஐ. மூலமோ நேரடியாகவோ அனுப்புங்கள். அனுப்பும்போது குறிப்புக் கட்டத்தில் 'ஜூன் மாத வாடகை' என்று எழுத மறக்க வேண்டாம். அந்த மூன்று சொல் இல்லாவிட்டால் அது யாருக்கோ அனுப்பிய பணம்தான். நண்பர் போனிலிருந்தோ கடைக்காரர் மூலமாகவோ அனுப்பினால் உங்கள் கணக்கில் பதிவு இருக்காது.

மூன்றாவது, ரொக்கம் வாங்கும் வீட்டுக்காரரிடம் ரசீது. ரசீது தருவது உரிமையாளரின் கடமை. ஒரு சிறு நோட்டு போட்டு மாதாமாதம் தேதி, தொகை எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். 5,000 ரூபாய்க்கு மேற்பட்ட ரொக்க ரசீதுக்கு ஒரு ரூபாய் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்ட வேண்டும்.

நான்காவது, வருமானமும் கணக்கில் தெரியட்டும். வாடகை மட்டும் கணக்கிலிருந்து போய், சம்பாத்தியம் கைக்குக் கையாக வந்து போனால் வங்கிக்கு அரைப்படம்தான் தெரியும். கடை வசூலில் ஒரு பகுதியையாவது தவறாமல் கணக்கில் செலுத்துங்கள்.

ஐந்தாவது, ஒத்தி வீட்டில் இருப்பவர்கள் கவனிக்க. ஒத்தியில் மாத வாடகை இல்லாததால் இந்தப் பாடத்தில் சொன்ன பதிவு எதுவும் உருவாகாது. அதைவிட முக்கியம், லட்சக்கணக்கில் கொடுத்த பணத்துக்கு வெறும் பத்திரத்தாளில் எழுதிய எழுத்து போதாது. 100 ரூபாய்க்கு மேற்பட்ட ஒத்தி அடமானம் பதிவுசெய்த பத்திரமாக இருக்க வேண்டும் என்பது சொத்து மாற்றச் சட்டம். ஒத்தியைப் பற்றிய மார்க்கச் சட்டத்தையும் ஆலிம்களிடம் கேட்டு முடிவு செய்யுங்கள்.

6. பெண்கள் பெயர் எங்கே?

கணவர் சவூதியிலோ சிங்கப்பூரிலோ இருப்பார். வாடகையைக் கொண்டுபோய்க் கொடுப்பவர் மனைவி. ஆனால் ஒப்பந்தம் கணவர் பெயரில், முன்பணம் கணவர் பெயரில், வங்கிக் கணக்கும் கணவர் பெயரில். அல்லாஹ் பாதுகாக்கட்டும், ஒரு மௌத்தோ மணமுறிவோ நேர்ந்தால், இத்தா நாட்களில் இருக்கும் பெண் முன்பணத்துக்குக்கூடச் சான்று தேடி அலைய வேண்டியிருக்கிறது. ஒப்பந்தத்தில் இருவர் பெயரும் இருக்கட்டும். வாடகை மனைவியின் கணக்கிலிருந்து போகட்டும். இதற்கு ஒரு பைசாச் செலவில்லை. அவருடைய பெயரில் ஒரு வரலாறு உருவாகும்.

மகளிர் குழுக் கடன் வாங்கியிருக்கும் சகோதரிகள் ஒன்றை அறிய வேண்டும். அந்தக் கடனும் தகவல் நிறுவனங்களுக்குப் போகிறது. பக்கத்து வீட்டாருக்காக உங்கள் பெயரில் வாங்கிக் கொடுத்தாலும் பதிவு உங்கள் பெயரில்தான். அவர் கட்டாவிட்டால் கறை உங்களுக்கு. ஜாமீன் கையெழுத்துக்கும் இதே கதிதான்.

7. இளைஞர்களுக்கு எச்சரிக்கை

பொதுத்துறை வங்கி வேலைக்கான அறிவிப்புகளில், விண்ணப்பிப்பவரின் கடன் வரலாறு நல்லபடியாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை வருகிறது. மோசமான கடன் வரலாற்றுக்காகப் பணி நியமனத்தை ரத்து செய்த ஒரு வழக்கில் வங்கியின் முடிவு சரியே என்று 2025இல் சென்னை உயர்நீதிமன்றமும் தீர்ப்பளித்தது. கல்லூரிக் காலத்தில் செல்போன் செயலியில் 3,000 ரூபாய் வாங்கி மறந்துவிட்ட பையன், நாளை பரீட்சையில் தேறியும் வேலையை இழக்கலாம். கல்விக் கடனில் தகப்பனார் உடன்கடனாளியாகக் கையெழுத்திட்டிருந்தால், மகன் கட்டாத தவணை தகப்பனார் பெயரிலும் ஏறும்.

'வட்டியில்லாத் தவணை' என்ற விளம்பரத்தைப் பார்த்து ஹலால் என்று முடிவு செய்துவிட வேண்டாம். பூஜ்ய வட்டி என்ற ஒன்றே இல்லை, வட்டி வேறு கட்டணங்களுக்குள் ஒளிந்திருக்கிறது என்று ரிசர்வ் வங்கியே 2013இல் வங்கிகளுக்கு எச்சரித்திருக்கிறது.

கிரெடிட் கார்டில் வாடகை கட்டினால் மதிப்பெண் ஏறும் என்றும் சிலர் சொல்கிறார்கள். அங்கே பதிவாவது கார்டு பில்லைக் கட்டியது மட்டும்தான், வாடகை பதிவாவதில்லை. அதற்குத் தனிக் கட்டணம் உண்டு. தேதி தவறினால் வட்டி ஏறும். 2025 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி கொண்டுவந்த புதிய விதிகளுக்குப் பிறகு பல செயலிகள் அந்தச் சேவையை நிறுத்தியும்விட்டன. இந்த வழி நமக்கு வேண்டாம்.

8. வருடம் ஒருமுறை பாருங்கள்

நான்கு நிறுவனங்களும் ஒவ்வொருவருக்கும் ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். கடனே வாங்காதவர்களும் பார்க்க வேண்டும். பான் கார்டு நகலை எங்கெங்கோ கொடுத்திருப்போம். நம் பெயரில் யாராவது கடன் வாங்கியிருந்தால் அங்கே தெரிந்துவிடும். கட்டி முடித்த கடன் பாக்கியாகவே நின்றாலும் தெரியும். கடன் முடித்தவர்கள் 'பாக்கி இல்லை' என்ற சான்றிதழை வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். தொகையைக் குறைத்துப் பேசி முடித்த கடன் 'செட்டில்மென்ட்' என்று பதிவாகும். முழுதாகக் கட்டி முடித்ததற்குரிய மதிப்பு அதற்குக் கிடைக்காது.

தவறு இருந்தால் வங்கியிடமோ தகவல் நிறுவனத்திடமோ புகார் கொடுங்கள். 30 நாளில் தீர்க்காவிட்டால், அதன்பின் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு உங்களுக்குச் சேர வேண்டும். இந்த விதி 2024 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ளது. அதற்கும் மசியாவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். 14448 என்ற எண்ணில் விவரம் கேட்கலாம். 'காசு கொடுத்தால் சிபிலை ஏற்றித் தருகிறோம்' என்பவர்களிடம் ஏமாற வேண்டாம். தவறைத் திருத்த ஒரு ரூபாயும் தேவையில்லை. உண்மையான பாக்கியை எவராலும் அழிக்க முடியாது.

9. வீட்டு உரிமையாளர்களுக்கு ஒரு வார்த்தை

நம் வாசகர்களில் வீடுகளை வாடகைக்கு விட்டிருப்பவர்களும் உண்டு. பள்ளிவாசல்களின் வக்ஃபு வீடுகள், கடைகளை நிர்வகிப்போரும் உண்டு. வங்கி வழியாக வாங்கினால் வருமான வரி வருமோ என்று தயங்குவோரைப் பார்க்கிறோம். வரி வரக்கூடிய வருமானமாக இருந்தால் அது ரொக்கத்தில் வாங்கினாலும் வரிக்குரியதுதான். ஆனால் நீங்கள் ரசீது மறுப்பதால், குடியிருக்கும் ஏழை தன் ஒழுங்குக்கான ஒரே சாட்சியை இழக்கிறார். வீட்டைக் காலி செய்து போகும் நல்ல குடித்தனக்காரருக்கு, இத்தனை ஆண்டு இருந்தார், பாக்கியில்லாமல் கட்டினார் என்று கையெழுத்திட்டு நாலு வரி எழுதிக் கொடுங்கள். ஜமாஅத் நிர்வாகங்கள் இதை முதலில் தங்கள் வக்ஃபு வாடகைதாரர்களுக்குச் செய்துகாட்டினால் மற்றவர்கள் பின்பற்றுவார்கள்.

வீட்டுப்பாடம்

இந்தப் பாடத்தைப் படித்தவர்கள் மூன்று காரியங்களைச் செய்து பாருங்கள். ஒன்று, உங்கள் வாடகை ஒப்பந்தத்தைத் தேடி எடுத்து அதில் யார் பெயர் இருக்கிறது, காலம் முடிந்துவிட்டதா என்று பாருங்கள். இரண்டு, வரும் மாத வாடகையைக் குறிப்போடு வங்கி வழியாக அனுப்புங்கள், அல்லது ரசீது வாங்குங்கள். மூன்று, வீட்டில் பான் கார்டு உள்ள ஒவ்வொருவருக்கும் இலவச அறிக்கையை எடுத்துப் படியுங்கள். புரியாத இடம் இருந்தால் அலுவலக நேரத்தில் நம் அறக்கட்டளைக்கு எடுத்து வாருங்கள், சேர்ந்து படிப்போம். கடவுச்சொல்லையும் ஓ.டி.பி. எண்ணையும் நம்மிடம்கூடச் சொல்ல வேண்டாம்.

நபிப்பட்டம் கிடைப்பதற்கு முன்பே அண்ணல் நபி (ஸல்) அவர்களை மக்கா மக்கள் 'அல்அமீன்', நம்பிக்கைக்குரியவர், என்று அழைத்தார்கள். அந்தப் பெயர் கொடுக்கல் வாங்கலில் கிடைத்த பெயர். நம் மக்களிடம் நாணயம் இருக்கிறது. அதை எழுத்திலும் வைத்துக்கொள்ளும் பழக்கத்தை, சிரமம் வந்த பிறகு தேடாமல், நல்ல நாளிலேயே ஏற்படுத்திக்கொள்வோம். வல்ல அல்லாஹ் நம் சம்பாத்தியத்தில் பரக்கத்தையும், கடன் சுமையிலிருந்து பாதுகாப்பையும் தந்தருள்வானாக. ஆமீன்.